மூன்றடிக் குளம்

செங்கோட்டுவேலு தன் வீட்டுக் கொல்லையில் நீச்சல்குளத்துக்குக் குழி வெட்டிய அன்று, அவருடைய தங்கச்சி தவமணி மூன்றடி குட்டையாகிப் போனாள். காலையில் ஐந்தடி இரண்டு அங்குலம் இருந்தவள் பொழுது சாய்கையில் இரண்டடி இரண்டு அங்குலம் இருந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் வைத்த முருங்கைக்காய் சாம்பாரில் உப்பும் புளியும் கொஞ்சமும் பிசகவில்லை என்பதை, வேடிக்கை பார்க்கப் போய் அங்கேயே சாப்பிட்டு வந்த நாங்கள் பதினேழு பேரும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வோம்.

எங்கள் ஆலாங்காட்டு நகர் திருச்செங்கோட்டுக்கு வெளியே பைபாஸ் ஓரம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. ராஜஸ்தானில் போட்டிருக்கிறோம், சத்தீஸ்கரில் போட்டிருக்கிறோம், பேர் வாயில் நுழையாத ஊரிலெல்லாம் போட்டிருக்கிறோம். உலகத்துக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நிற்போம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வீட்டில் நீச்சல்குளம் வந்தால் அடுத்தவர் வீட்டில் சோறு இறங்காது. பக்கத்து வீதியில் ஏழு வண்டிக்காரர் ஒருவர் கான்கிரீட்டில் குளம் கட்டி நீல டைல்ஸ் பதித்தார். நாலு வண்டிக்காரரான செங்கோட்டுவேலு அதைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கே பொக்லைனுக்குச் சொல்லிவிட்டார்.

குளத்துக்கு இருந்த இடம் வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட். அது தவமணியின் பேரில் இருந்தது. சாவதற்கு முன்னால் அப்பா அவள் கல்யாணத்துக்கு என்று எழுதி வைத்தது. கல்யாணம்தான் வரவில்லை. பத்தொன்பது வயதில் எடுத்த ஜாதகம் கை மாறிக் கை மாறி மடிப்பு கிழிந்துபோய், அவளுக்கும் முப்பத்து நாலு ஆகிவிட்டது. அண்ணன் வீட்டில் சமைத்துக்கொண்டு, அண்ணன் மகள் யாழினிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டு இருந்தாள். தோண்டலாமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் தங்கச்சிக்குள் கேட்க என்ன இருக்கிறது என்று நாங்களும்தான் நினைத்தோம்.

பொக்லைன் முதல் அடி மண்ணை வாரியபோது அவள் சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேடை அவள் மார்புக்கு வந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று மிச்சக் காயை நறுக்கினாள். இரண்டாவது அடிக்குச் சேலை தரையில் புரண்டது. மதியம் பொக்லைன்காரர் சாப்பிட இறங்கியதும் அவள் குறைவதும் நின்றது. ஒன்பது வயது யாழினிதான் கண்டுபிடித்துக் கூவினாள்.

"அப்பா, குழி எத்தனையோ அத்தனை அத்தை கொறையறாங்க!"

செங்கோட்டுவேலு தங்கச்சியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கடைசியில் எங்களைப் பார்த்தார். நாங்கள் இலையில் கை வைத்திருந்தோம்.

"ரெண்டடித் தண்ணியில என்னத்த நீஞ்சறதுங்க? எருமகூடப் படுக்காது," என்றோம். "இன்னும் ஒரு அடிதானுங்களே."

எங்கள் தொழிலில் பாதியில் நிறுத்துகிற பழக்கம் கிடையாது. எழுநூறு அடியில் தண்ணீர் இல்லாமல் வெறும் மண்புகை வந்தாலும் இன்னும் ஒரு ராடு இறக்கு, இன்னும் ஒரே ஒரு ராடு இறக்கு என்று போய்க்கொண்டே இருப்பவர்கள் நாங்கள். செங்கோட்டுவேலு சமையல்கட்டு வாசலில் குனிந்து கேட்டார்.

"வலிக்குதா கண்ணு?"

"வலியில்லீங்ணா."

"அப்பறமென்ன," என்று சொல்லிவிட்டுப் பொக்லைன்காரருக்குக் கை காட்டினார். அவர் நல்லவர்தான், இல்லை என்று நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம்.

ஒரு வாரத்தில் எல்லாம் பழகிப்போயிற்று. டெய்லர் சம்பூரணம் தவமணியின் சேலைகளை வெட்டி, ஒரு சேலைக்கு நாலு பாவாடை சட்டை தைத்தாள், மிச்சத்துணியில் தலையணை உறையும் தைத்தாள். அடுப்புக்குக் கீழே செங்கல்லில் படி கட்டினார்கள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, அளவுக்குத் தக்கபடி எல்லாம் சரியாக இருக்கிறது என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கேட்பதை நிறுத்தினார். எங்கள் பிள்ளைகள் அவளோடு முதுகு ஒட்டி நின்று யார் உயரம் என்று பார்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள், அந்தச் சிரிப்பைப் பார்க்க எங்களுக்கு நன்றாக இருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் ஒரு மழை அடித்தது. எங்கள் ஊருக்கு மழை வருவதே பெரிது, அன்றைக்குக் கொட்டித் தீர்த்தது. குழியின் மேற்குக் கரை சரிந்து, மேட்டில் கொட்டியிருந்த மண்ணும் சேர்ந்து உள்ளே இறங்கி, அரையடிக்குப் பரவிற்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தவமணி அரையடி வளர்ந்தாள். பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. தண்ணீர்க் குழாயை எக்காமல் திருகிப் பார்த்து, திரும்பவும் மூடி, திரும்பவும் திருகினாள். தெருவே போய்ப் பார்த்துக் கை தட்டிவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் ஆள் விட்டுச் சரிந்த மண்ணை வாரி வெளியே போட்டார்கள், அவளும் பழையபடி ஆனாள்.

ஆக, மண்ணைப் போட்டு மூடினால் தவமணி திரும்பி வந்துவிடுவாள் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் எங்களில் குழியை மூடுகிறவன் கிடையாது. தண்ணீர் வராத துளையைக்கூடக் கல்லை வைத்து மூடிவிட்டு வருவோமே தவிர, ஒரு கூடை மண் உள்ளே கொட்ட மாட்டோம். கொட்டினால் அடுத்த இடத்தில் ராடு சிக்கிக்கொள்ளும், சிக்கினால் வண்டியே போகும். இது ஊரறிந்த சேதி என்பதால் தவமணியும் மூடச் சொல்லிக் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

கோயமுத்தூரிலிருந்து குளம் கட்டும் கம்பெனியின் ஆள் வந்தார், பிரகதீஷ் என்று பேர், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் சின்ன வயசுக்காரர். ஒரு பையிலிருந்து, குழிக்குள் விரிக்கிற, நீலக் கட்டம் அச்சடித்த வினைல் பாயில் ஒரு துண்டையும் இன்னொரு பையிலிருந்து டைல்ஸ் ஒட்டிய கான்கிரீட் கட்டியையும் எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் வினைலைத் தடவிப் பார்த்தோம், இழுத்துப் பார்த்தோம், ஒருவர் மோந்தும் பார்த்தார்.

"வினைல்னா காலுக்கு மெத்துனு இருக்குமுங்க," என்றார் பிரகதீஷ். "குழந்தைங்க விழுந்தாலும் தோல் வழண்டாது. பாசி ஒட்டாது. குழியோட அளவெடுத்து அனுப்பினா அச்சா அதே அளவுக்குத் தெச்சு வரும், ஆணி அடிச்சாப்பல பொருந்தும். எட்டு வருசம், பத்து வருசம் கழிச்சு உரிச்சுட்டு வேற மாத்திக்கலாம். ஆனா கூர்மையான சாமான் ஆகாது. நாய் நகம், கொலுசுத் திருகாணி, எதுனாலும் கிழிஞ்சுரும்."

"கான்கிரீட்டு?"

"அது ஆயுசுக்கும் நிக்குமுங்க. ஆனா இன்னும் முக்காலடி தோண்டி அடியில கம்பி கட்டணும். காலுக்குச் சொரசொரன்னு இருக்கும். உங்க ஊரு உப்புத் தண்ணிக்கு டைல்ஸ் வெள்ளை பூத்துரும், ஆசிட் ஊத்தித் தேய்க்கணும், பாசிக்கு மருந்து போடணும். அதையெல்லாம் பாத்துக்கிட்டா உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்."

அப்போதுதான் அரிசி டின் மேல் உட்கார்ந்திருந்த தவமணி வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, வினைல் போட்டா, என்னிக்காவது வேண்டாம்னு தோணுச்சுன்னா அதை உரிச்சுட்டு மண்ணு போட்டு மூடிக்கலாங்களா?"

"தாராளமா மூடலாமுங்க."

"கான்கிரீட்டுப் போட்டா?"

அவர் சிரித்தார். "ஒடைக்கறதுக்கே வெடி வெக்கணுமுங்க."

ஒரு மாதம் ஊரில் இதுவே பேச்சு. ரிக் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு குழியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் இருக்குமா? வினைல் என்பது என்ன, தார்ப்பாய். தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் விட்டால் அது பண்ணைக்குட்டை, அதில் மீன் விடலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், விருந்தாளியை இறக்க முடியுமா என்று பாதிப் பேர் சொன்னார்கள். கான்கிரீட்டை அந்த உப்புத் தண்ணீர் ரெண்டே வருஷத்தில் மூஞ்சி வெளுக்க வைத்துவிடும் என்று மீதிப் பேர் சொன்னார்கள். செங்கோட்டுவேலுவின் மனைவி புனிதா கான்கிரீட் கட்சி. பக்கத்து வீதியில் கான்கிரீட் இருக்கும்போது நம் வீட்டில் பாயா என்றாள். இப்படிப் பேசிக்கொண்டே நாங்கள் குடித்த காப்பியையெல்லாம் தவமணிதான் செங்கல் படியில் ஏறி நின்று போட்டாள். இரண்டு கையாலும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துவிட்டு, "தார்ப்பாயே சொல்லுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

கடைசியில் செங்கோட்டுவேலு எல்லார் முன்னாலும் அவள் தலையில் கை வைத்து, "வினைல்தான். எந்தங்கச்சிக்கு நானு துரோகம் பண்ண மாட்டேன்," என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எங்களுக்கும்தான். எப்பேர்ப்பட்ட அண்ணன் என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

அளவெடுக்க ஆள் வரப் பதினைந்து நாள் இருந்தது. தவமணிக்கு அந்தப் பதினைந்து நாள் பொறுக்கவில்லை. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபின், மண் மேட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் மண் அள்ளி, கரையோரமாக இறங்கி, குழியின் வடக்கு மூலையில் கொட்டுவாள், கொட்டிவிட்டுக் காலால் மிதிப்பாள், திரும்ப ஏறுவாள். அடியில் மூலை உயர உயர அவளும் நூல் நூலாக உயர்ந்தாள். குளம் குளமாக இருக்கட்டும், எனக்கு மூன்று அங்குலம் கிடைத்தால் போதும், எக்காமல் அடுப்பை எட்டிவிடுவேன் என்று யாழினியிடம் சொல்லியிருக்கிறாள். எத்தனை நூறு டம்ளர் கொட்டினாளோ, மூன்று அங்குலம் ஏறிவிட்டாள். அந்த நேரத்தில் ஆள் வந்து குழியை அளந்து எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் தவமணி எக்காமல் சோப்பு டப்பாவை எடுப்பதைப் புனிதா பார்த்துவிட்டாள். குழியில் போய்ப் பார்த்தாள். "ஏம் புள்ள, உனக்கு வேற வேலையில்லயா?" என்று மட்டும் கேட்டாள், அடிக்கவோ வையவோ இல்லை. ஆள் விட்டு மூலையைச் சுரண்டிச் சமப்படுத்தினார்கள். தவமணி பழைய அளவுக்கு வந்தாள். அளவெடுத்தது எப்போது, சுரண்டியது எப்போது என்று யாரும் யோசிக்கவில்லை. அளவெடுத்த நாற்பதாம் நாள் வினைல் வந்து இறங்கியது. விரித்து, நாலு பக்கமும் இழுத்து மாட்டி, டேங்கர் லாரித் தண்ணீரை விட்டார்கள். வடக்கு மூலையில் பாய் மூன்று அங்குலம் குட்டை. தண்ணீர் ஏற ஏற அங்கே விறைத்துக்கொண்டு வந்து, முழங்கால் ஆழம் ஆனபோது சடசடவென்று ஒரு முழத்துக்குக் கிழிந்தது. தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது.

செங்கோட்டுவேலு தங்கச்சியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிழிந்த பாயை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்; ஒருவர் சோளத்தட்டுக்குப் போர்த்தினார், ஒருவர் பாத்ரூமுக்குக் கூரை போட்டார். மூன்று நாள் கழித்து அவர் வீட்டு வாசலில் ஜல்லி லாரி வந்து நின்றது.

தவமணி ஜல்லிக் குவியல் முன்னால் போய் நின்றாள். குவியல் அவளைப்போல் மூன்று மடங்கு இருந்தது.

"எந்தப்புதானுங்ணா. இன்னொரு பாய்க்குச் சொல்லுங்க. நாப்பது நாள்தானுங்க. நானு குழிப்பக்கமே போகமாட்டேன்."

செங்கோட்டுவேலு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்கள் கேட்டோம்.

"பதினஞ்சு வருசங் கண்ணு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்த எழவுக்குப் போனாலும், மொதக் கேள்வி, தங்கச்சிக்கு இன்னும் முடிக்கலயான்னு. மாப்பள தேடித் தேடி எங்காலு தேஞ்சுபோச்சு. நீ இப்படி ஆனதுலருந்து ஒருத்தரும் கேக்கறதில்ல. பாவம்னு சொல்லிட்டுப் போயர்றாங்க. நானு இப்பத்தான் நிம்மதியா ஒரு விசேசத்துல ஒக்காந்து சாப்பிடறேன். மூடலாம்ன்ற பேச்சு இருக்கற வரைக்கும் எனக்கு அந்தக் கேள்வியும் இருக்கும். உனக்கும் ஆசை இருந்துட்டே இருக்கும். எதுக்கு ரெண்டு பேருக்கும் அந்தக் கஷ்டம்?"

"எனக்கு மாப்பள வேண்டாமுங்ணா. என் ஒசரத்தக் குடுத்தாப் போதும்."

"உன்னைய நாங்க கைக்குள்ள வெச்சுப் பாத்துக்குவோம் சாமி," என்று சொல்லி அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். துடைத்துவிட்ட கையாலேயே மேஸ்திரிக்குப் போன் செய்தார்.

அன்றைக்கு அவள் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். வாசல் படியில் தவழ்ந்து ஏறி, "எங்கண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாருங்க," என்றாள். நாங்கள் அவளுக்குப் பிள்ளைகளின் டம்ளரில் காப்பி கொடுத்தோம், பிஸ்கட் கொடுத்தோம், பார்க்கலாம் என்றோம். கோடை விடுமுறைக்குக் குளத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதுவும் இல்லாமல் அவள் சின்னதாக இருப்பதில் எங்களுக்கும் வசதி இருந்தது. வண்டிக்கு அடியில் ஸ்பேனர் விழுந்தால் அவள்தான் நுழைந்து எடுப்பாள், கட்டிலுக்கு அடியில் அவள்தான் பெருக்குவாள். நாங்கள் யாரும் செங்கோட்டுவேலுவிடம் எதுவும் சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லவில்லை.

அடித்தளத்துக்கு முக்காலடி தோண்டினார்கள். தவமணி ஒன்றரை அடிக்கும் கீழே வந்தாள். அதே முக்காலடிக்குக் கான்கிரீட் நிரப்பும்போது அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று மேஸ்திரி கணக்குச் சொன்னார், அதை நம்பித் தெருவே காத்திருந்தது. கலவை ஊற்றினார்கள், மட்டம் பார்த்தார்கள், கலவை இறுகப் பதினைந்து நாள் தண்ணீர் கட்டி வைத்தார்கள். அவள் ஒரு நூல்கூட ஏறவில்லை. டைல்ஸ் ஒட்டினார்கள். டேங்கர்கள் வரிசையாக வந்து தண்ணீர் விட்டன. மூன்றடித் தண்ணீர் நின்றது, பிள்ளைகளுக்கு மார்பளவு. தவமணியைப்போல் இரண்டு பேரை ஒருவர் மேல் ஒருவராக நிறுத்தினாலும் முங்கிப் போவார்கள்.

குளம் திறந்த அன்று கிடாய் வெட்டி நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. குளம் அத்தனை அழகாக இருந்தது. பக்கத்து வீதி ஏழு வண்டிக்காரரே வந்து, குனிந்து டைல்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை என்றார். தவமணிக்கு யாழினியின் பழைய பட்டுச் சட்டையைப் போட்டு, தலைக்குப் பூ வைத்து, கூட்டத்தில் மிதிபடாமல் இருக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

புனிதாவின் பெரியப்பா ஒருவர் அந்தியூரிலிருந்து வந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல், காது மந்தம், கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இந்த வீட்டுச் சேதி எதையும் அவரிடம் யாரும் கத்திச் சொல்லியிருக்கவில்லை. நாற்காலி தேடித் தடவிக்கொண்டு வந்தவர் கையில் தவமணி பட்டாள். அப்படியே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏப்பா செங்கோட்டுவேலு, இது உன்ற ரெண்டாவது புள்ளயா? எனக்குச் சொல்லவேயில்ல."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசாகுதுங்க," என்றாள் தவமணி. உயரம் போனதில் அவள் குரலும் சன்னமாகப் போயிருந்தது, பெரியவர் காதுக்கு எட்டவில்லை. அவள் அண்ணனைப் பார்த்தாள். நாங்களும் அவரைப் பார்த்தோம்.

செங்கோட்டுவேலு துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெரியவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஆமாங்க மாமா. சின்னது."

பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் பாதத்தைக் கையில் எடுத்து, விரலை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார்.

"வெரலு என்ன நீட்டம் பாரு! எழுதி வெச்சுக்கங்க, இது வளந்தா அத்தன ஒசரமா வரும்," என்றார்.

"வருமுங்க," என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னோம்.